ஸ்பிட்டிக்கு சைக்கிள்ல வர யோசிக்கிற அக்காவுக்கு

அக்கா,

போன்ல நீ கேட்ட ரெண்டு கேள்விக்கும் அன்னைக்கு ஒழுங்கா பதில் சொல்ல முடியல, நான் பஸ்ல இருந்தேன், ஒரே இரைச்சல், அதான் இப்ப உக்காந்து எழுதுறேன். 49 வயசுல என்னால முடியுமான்னு கேட்ட. அப்புறம் ஹிமாச்சல்ல இருக்கிற ஸ்பிட்டி பள்ளத்தாக்குக்கு ஜீப்லயே போய் எல்லா பௌத்த மடத்தையும் பாத்துட்டு வரலாமே, எதுக்கு சைக்கிள்னு கேட்ட. ரெண்டாவத முதல்ல எடுத்துக்கறேன்.

தங்கர்னு ஒரு ஊரு. ஸ்பிட்டி ஆறும் பின் ஆறும் சேர்ற இடத்துக்கு நேர் மேல, மழை அரிச்சு ஊசி ஊசியா நிக்கிற மண்மலை விளிம்புல ஒரு பழைய கோம்பா, மடத்த அங்க கோம்பான்னு தான் சொல்றாங்க, 3,894 மீட்டர் உயரம். கீழ மெயின் ரோட்ல சிச்லிங்ங்கிற ஊர்ல இருந்து எட்டு கிலோமீட்டர் ஏத்தம், 500 மீட்டருக்கு மேல ஏறணும். ஜீப்ல இருபது நிமிஷம் ஆகும்னாங்க. எனக்கு ரெண்டரை மணி நேரம் ஆச்சு. அந்த ரெண்டரை மணி நேரமும் ஒவ்வொரு வளைவுலயும் அந்த மடம் தெரியுது, ஒரு தடவ இடது பக்கம், அடுத்த வளைவுல வலது பக்கம், முதல்ல மண்ணோட மண்ணா கண்ணுக்கே படல, அப்புறம் ஒரு வெள்ளைச் சுவரு, அப்புறம் ஜன்னல், அப்புறம் கொடி. பக்கத்துல வர வர, இத ஏன் இவ்ளோ உயரத்துல கொண்டுபோய் கட்டினாங்கன்னு கால் தசைக்கே புரிஞ்சிடுது. ஒரு காலத்துல ஸ்பிட்டியோட தலைநகரம் அது, மேல இருந்து பாத்தா பள்ளத்தாக்குல யார் வந்தாலும் தெரியும். உள்ள போய் அந்த மண் தரையில உக்காந்தப்ப எனக்கு அழுகையே வந்துச்சு அக்கா, சாமி கும்பிடணும்னு கூட தோணல, சும்மா உக்காந்திருந்தேன். அந்த மலை அடியில அரிச்சுக்கிட்டே வருது, சுவர்ல விரிசல் கண்ணுக்கே தெரியுது. ஜீப்ல வந்தவங்க போட்டோ எடுத்துட்டு அடுத்த ஊருக்கு கிளம்பிட்டாங்க, அவங்கள தப்பு சொல்ல மாட்டேன், அவங்களுக்கு அது அன்னைக்கு பாக்க வேண்டிய அஞ்சு இடத்துல ஒண்ணு, எனக்கு அன்னைக்கு அது ஒண்ணே ஒண்ணு தான்.

இதுக்குத் தான் சைக்கிள்.

இப்ப முதல் கேள்வி. நீ தினமும் பள்ளிக்கூடத்துக்கு ஆறு கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்கிற ஆளு, ஆனா நம்ம பக்கம் ஆத்துப் பாலம் ஏர்றத விட்டா மேடுன்னு ஒண்ணு கிடையாது, அது தான் உன் பயம்னு தெரியும். மேடு பிரச்சனையே இல்ல. கியர் சைக்கிள்ல முன்னாடி சின்னப் பல்சக்கரம், பின்னாடி இருக்கிறதுலயே பெரிய பல்சக்கரம்னு போட்டுட்டா மிதிக்கிறது லேசா தான் இருக்கும், நடக்கிறத விட கொஞ்சம் வேகமா உருளும், அவ்ளோ தான் வேணும். பயப்பட வேண்டியது காத்து மெலிஞ்சு இருக்கிறதுக்கு. தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர் தான், இங்க நாம தூங்கறதே அதுக்கு ஆயிரம் மீட்டர் மேல. 4,000 மீட்டருக்குப் போனா ஒவ்வொரு மூச்சுலயும் நம்ம ஊர்ல கிடைக்கிற ஆக்சிஜன்ல ஏறக்குறைய 60 சதவீதம் தான் உள்ள போகுது. உடம்பு இதுக்குப் பழகும், நாள் குடுத்தா. நாள் குடுக்கலன்னா எவ்ளோ பலசாலியா இருந்தாலும் படுக்க வெச்சிடும்.

அதனால எந்த சைக்கிள் டூர் கம்பெனில புக் பண்ணாலும் நீ முதல்ல கேக்க வேண்டியது, எந்தப் பக்கமா கூட்டிட்டு போறீங்கன்னு. மணாலி பக்கம் கிட்ட, ஆனா 2,000 மீட்டர்ல இருந்து கிளம்பி குன்சும் கணவாய் 4,550 மீட்டரத் தாண்டி ஒரே நாள்ல ஸ்பிட்டியோட பெரிய ஊரான காஸால கொண்டு விட்டுடுவாங்க. நாங்க போனது சிம்லா பக்கம். சட்லெஜ் ஆத்து கூடவே கின்னௌர் மாவட்டம், அங்க கல்பாங்கிற ஊர்ல ராத்திரி (3,000 மீட்டருக்கு ஒட்டி, காலைல கதவத் தொறந்தா எதிர்ல கின்னர் கைலாஷ் மலை மொத்தமா நிக்குது), அப்புறம் நாக்கோ 3,660, அப்புறம் தாபோ 3,280க்கு இறங்கி, அங்க ரெண்டு ராத்திரி, பிறகு தான் காஸா. ஏறி, இறங்கித் தூங்கி, மறுபடி ஏறி. 3,000 மீட்டருக்கு மேல போனப்புறம் தூங்கற இடத்த ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல ஏத்தக் கூடாதுன்னு எங்க கைடு கறாரா இருந்தார், பகல்ல எவ்ளோ ஏறினாலும் சரி, படுக்கை மட்டும் கீழ. கல்பாலருந்து நாக்கோ மட்டும் அதுக்கு மேல போயிடுது, அதனால தான் கல்பால ஒரு நாள் கூடுதலா நிறுத்தினார்.

எங்க குழுல ஒருத்தர், நல்ல ஆளு, மாரத்தான் எல்லாம் ஓடினவர், காஸா வந்த அன்னைக்கே தலைவலி ஆரம்பிச்சிருக்கு, சாப்பாடு இறங்கல, சொன்னா ஜீப்ல ஏத்திடுவாங்கன்னு வாயே தொறக்கல. மறுநாள் நேரா நடக்க முடியாம தடுமாறினப்புறம் தான் கைடு பாத்து, உடனே தாபோவுக்கு இறக்கினாங்க. இறக்கின சில மணி நேரத்துல தெளிஞ்சிட்டார், ஆனா எங்களுக்கெல்லாம் நெஞ்சு நடுங்கிப் போச்சு. அதுலயும் பாரு, பணம் கட்டும்போது கூடவே எப்பவும் வண்டி வரும்னு சொன்ன கம்பெனி ஒன்பது பேருக்கு ஒரே ஒரு வண்டி தான் அனுப்பியிருந்தது, அது அவர ஏத்திக்கிட்டு கீழ போனதும் மீதி எட்டு பேருக்கு அன்னைக்கு வண்டியே இல்ல, வேற யாருக்காவது ஏதாவது ஆயிருந்தா? எனக்கு இன்னும் அந்தக் கோவம் இருக்கு. எத்தன வண்டின்னு எழுத்துல வாங்கிடு. நீயும் தலைவலின்னா தலைவலின்னு சொல்லிடு, ஜீப்ல ஏர்றது எந்த வகைலயும் அவமானம் கிடையாது.

தாபோ மடத்த பத்தி சொல்லலன்னா இந்தக் கடிதம் எழுதினதுக்கே அர்த்தம் இல்ல. வெளிய இருந்து பாத்தா ஒண்ணுமே இல்ல, நம்ம பக்கத்து பழைய மண் வீடு மாதிரி தாழ்வா, தட்டையா, சுண்ணாம்பு கூட அடிக்காம. 996ல கட்டினது. நம்ம பெரிய கோயிலுக்கும் கொஞ்சம் மூத்தது அக்கா! உள்ள நுழைஞ்சா இருட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு தான் கண்ணு பழகுது, மேல இருக்கிற சின்னத் திறப்புல இருந்து வர வெளிச்சம் மட்டும். அப்ப தான் தெரியுது, சுத்திலும் சுவர்ல ஆள் உயரத்துக்கு மேல, களிமண்ணால செஞ்ச தெய்வங்கள் முப்பதுக்கும் மேல, சுவர்ல இருந்து வெளிய வந்து உக்காந்திருக்கிற மாதிரி. நடுவுல நாலு திசையும் பாத்து நாலு உருவமா வைரோசனர்ங்கிற புத்தர். கீழ சுவர் முழுக்க ஓவியம், 1042ல புதுப்பிச்சதா அங்கயே கல்வெட்டு மாதிரி எழுதி வெச்சிருக்காங்க. போட்டோ எடுக்கக் கூடாது, அது எவ்ளோ நல்லதுன்னு உள்ள இருக்கும்போது தான் தெரிஞ்சுது. 1975 நிலநடுக்கத்துல ரொம்ப அடிபட்டு, தாங்கி நின்ன மடம் இது. இப்ப கவலை வேற. இது மழையே பெய்யாத குளிர்ப் பாலைவனம், அந்த நம்பிக்கைல தான் கூரையையும் மண்ணுல போட்டாங்க, சமீப வருஷங்கள்ல மழை வருது, ஓவியத்து மேல நீர் இறங்கின கறை நீள நீளமா தெரியுது. நீ அத சீக்கிரம் பாக்கணும்னு நான் அவசரப்படறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

வழில மணிச் சுவர் வரும், மந்திரம் செதுக்கின கல்ல அடுக்கி வெச்சிருப்பாங்க. அது எப்பவும் நமக்கு வலது கைப் பக்கம் இருக்கிற மாதிரி தான் கடக்கணும், நம்ம கோயில் பிரகாரம் மாதிரியே. நான் முதல் நாள் தெரியாம தப்பான பக்கம் போயிட்டேன், எதிர்ல வந்த பாட்டி கையக் காட்டி சிரிச்சுக்கிட்டே சுத்தி வரச் சொன்னாங்க. அவங்க வயல் பட்டாணி. ஸ்பிட்டி பட்டாணின்னா ஹிமாச்சல்ல தனி மதிப்பு, ஒரு கை அள்ளிக் குடுத்தாங்க, பச்சையாவே தின்னேன், அந்த இனிப்பு இன்னும் நாக்குல இருக்கு.

கீ மடத்துல ஒரு இளம் துறவி எங்க ஊரு கேட்டார், தமிழ்நாடுன்னேன், உடனே "ஊட்டா ஆய்த்தா?"ன்னு, சாப்டாச்சான்னு கன்னடத்துல கேட்டார்! நான் அசந்துட்டேன். கர்நாடகாவுல முண்ட்கோட்ல இருக்கிற திபெத்திய மடத்துல பல வருஷம் படிச்சவராம், இந்தப் பக்கத்துப் பசங்க நிறைய பேர் படிக்க அங்க தான் போறாங்களாம். இட்லி சாம்பார பத்தி என்ன விட ஏக்கமா பேசினார், 4,166 மீட்டர் உயரத்துல, வெண்ணெய் டீய என் கைல குடுத்துக்கிட்டே. அந்த டீ உப்பா இருக்கும், டீன்னு நெனச்சா குடிக்க முடியாது, ரசம்னு நெனச்சுக்கோ, இறங்கிடும்.

காஸாலருந்து லோசர், குன்சும் எல்லாம் வேகமா போயிடுச்சு, குன்சும் உச்சில அம்மன் கோயில ஒரு சுத்து சுத்திட்டு தான் வண்டியே கீழ இறங்கும், நாங்களும் சைக்கிள்ல சுத்தினோம். அதுக்குக் கீழ பாத்தல் தாண்டினா ரோடே கிடையாது, கல்லும் ஓடையும் தான், சைக்கிள ஜீப் மேல கட்டிட்டாங்க. ஏறினத விட இறங்கினது தான் எனக்கு பயமா இருந்துச்சு. தினம் காலைல பிரேக் பேட் தேஞ்சிருக்கான்னு நீயே குனிஞ்சு பாரு, மெக்கானிக் பாத்தார்னு விட்டுடாத, எறக்கத்துல பிரேக்க பிடிச்சே வெச்சிருக்காம விட்டு விட்டுப் பிடி.

ஜூலை ஆகஸ்ட் வேணாம், கின்னௌர் பக்கம் மழைக்கு மலை சரிஞ்சு ரோடு நாள் கணக்குல அடைஞ்சிடும். செப்டம்பர் முதல் பாதி சரியா இருக்கும். பள்ளிக்கூடத்துல லீவு கேக்கறது உனக்கு கஷ்டம்னு தெரியும், பன்னெண்டு நாளாவது வேணும், காலாண்டு லீவோட சேத்து மாசக் கடைசில போக முடியுமா பாரு, ராத்திரி குளிர் கூடும், தாங்கலாம். உயரத்துக்கு போடற மாத்திரை பத்தி நம்ம டாக்டர்கிட்ட கேட்டுக்கோ, உனக்கு பிரஷர் வேற இருக்கு, அவர் சரின்னு சொன்னா தான் மத்ததெல்லாம்.

ஹிக்கிம்ல 4,400 மீட்டருக்கு மேல ஒரு போஸ்ட் ஆபீஸ் இருக்கு, 1983லருந்து நடக்குது. அங்கருந்து உனக்கு ஒரு கார்டு போட்டேன், வந்துச்சா? வந்தா அதுல நான் எழுதினத மாமாகிட்டயும் படிச்சுக் காட்டு. டாக்டர் என்ன சொன்னார்னு ஞாயித்துக்கிழமை கூப்பிட்டுச் சொல்லு, ரெண்டு பேருக்குமா சேத்துக் கேக்கறேன்.