பாலம் வரும்வரை தீயணைப்பு வண்டிக்கு வழி ஏது?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஏப்ரல் தீத்தொண்டு வாரத்தையொட்டி தீயணைப்புத் துறையின் வரலாறு பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் பஞ்சும் வெடிமருந்தும் ஏற்றி நின்ற ஃபோர்ட் ஸ்டிகைன் கப்பல் வெடித்ததையும், அணைக்கப் போன வீரர்கள் உயிரை விட்டதையும் கட்டுரையாளர் நன்றாகவே எழுதியிருக்கிறார். 1908-ல் சென்னையில் தீயணைப்புப் படை தொடங்கியது, 1985-ல் தமிழ்நாடு தீயணைப்புப் பணிகள் சட்டம் வந்தது, எல்லாம் சரி. அப்புறம் "மாவட்டங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது" என்று ஒரே வரியில் எங்களை முடித்துவிட்டாரே!

எங்கள் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் எந்த வருடம் எந்த வண்டி வாங்கினார்கள் என்பது பெரிய விஷயமே இல்லை. வண்டி வந்து சேர வழி இருந்ததா, வந்தால் தண்ணீர் இருந்ததா, அதைச் சொல்லுங்கள். ராமேஸ்வரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ரயில் பாலம் 1914-லேயே வந்துவிட்டது, ஆனால் சாலைப் பாலம் திறந்தது 1988 அக்டோபர் 2-ல்தான். அதுவரை தீவில் எது பற்றி எரிந்தாலும், இந்தக் கரையிலுள்ள மண்டபம் ஊரிலிருந்து ஒரு தீயணைப்பு வண்டியைக்கூட நேராக ஓட்டிக்கொண்டு போயிருக்க முடியாது. வருடத்துக்கு லட்சக்கணக்கில் யாத்ரீகர்கள் வந்துபோகிற ஊருக்கு இதுதான் நிலைமை. இது வரலாறு இல்லையா?

அடுத்தது தண்ணீர். கடல் பக்கத்திலேயே இருக்கிறதே, தண்ணீருக்கு என்ன குறை என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். பாக் நீரிணைப் பக்கத்துக் கடல் வெகுதூரம் முழங்காலளவுதான். அங்கே குழாயை இறக்கினால் சேறும் பாசியும்தான் ஏறும், அதற்கு முன்னால் வண்டியே கரை மணலில் புதைந்து நிற்கும், அப்படியே உப்புத் தண்ணீரை எடுத்தாலும் பம்பை நல்ல தண்ணீர் விட்டு அலசாவிட்டால் துருப்பிடித்துவிடும். நல்ல தண்ணீருக்கோ குடிக்கவே குடத்தோடு வரிசையில் நிற்கிற ஊர்கள் இவை. வண்டியில் வருகிற 4,500 லிட்டர் முழுசாகத் திறந்தால் சில நிமிடம்தான் தாங்கும்.

அதனால் வண்டி வரும்வரை சனங்களே பார்த்துக்கொண்டார்கள். ஆனி ஆடிக் கச்சான் காற்றில் பனையோலைக் கூரை ஒன்று பிடித்தால், எரிகிற ஓலைத் துண்டு பறந்து போய் நாலு வீடு தள்ளி உட்காரும். எரிகிற வீட்டை விட்டுவிடுவார்கள், அது போனது போனதுதான். அடுத்த வீட்டு ஓலையைத் தொரட்டி போட்டு இழுத்துக் கீழே தள்ளுவார்கள், ஒரு பக்கம் மணலை வாரி இறைப்பார்கள், இன்னொரு பக்கம் நனைத்த சாக்கால் அடிப்பார்கள். வீட்டுக்காரர் கத்தினாலும் விட மாட்டார்கள். தீயணைப்பு வீரர்கள் வந்தபிறகும் பாதி வேலை இதேதான், கொக்கியை வைத்துக் கூரையைப் பிரிப்பது.

கட்டுரையில் எனக்குப் பெரிய குறை, எங்கள் மாவட்டத்துத் தர்கா ஊரான ஏர்வாடியை விட்டது. 2004-ல் கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள் கருகியதைச் சொன்னவர், அதற்கு மூன்று வருடம் முன்னால் 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை ஏர்வாடியில் ஓலைக்கொட்டகைக்குள் சங்கிலியில் கட்டிக் கிடந்த மனநோயாளிகள் 28 பேர் செத்ததை எப்படி மறந்தார்? பத்திரிகைச் செய்தியைப் பார்த்து உச்ச நீதிமன்றமே தானாக வழக்கை எடுத்தது. காலில் சங்கிலி இருந்தால் வண்டி பக்கத்துத் தெருவில் நின்றாலும் என்ன பயன்? அதன்பிறகு காப்பகங்களை மூடினார்கள். பள்ளிக்கூடத்து ஓலைக் கூரைகளைப் பிரிக்க மட்டும் கும்பகோணம் வரை காத்திருந்தோம். இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்து எழுதியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இப்போது ஓலை வீடு குறைந்துவிட்டது. குடிசைகளைக் கான்கிரீட் வீடாக்க 2010-ல் வந்த கலைஞர் வீட்டு வசதித் திட்டம் மாதிரியானவை தீயணைப்புத் துறைக்கு எத்தனை வேலையைக் குறைத்தன என்று யாராவது கணக்குப் பார்த்தால் நல்லது. இன்று நிலையத்துக்குப் போன் போனால் பாதி நேரம் வீட்டுக்குள் பாம்பு, இல்லாவிட்டால் கிணற்றில் மாடு.

அடுத்த ஏப்ரலுக்கு இன்னொரு கட்டுரை போடுவதாக இருந்தால், சென்னைத் தலைமையகத்தோடு நிறுத்தாமல் இந்த மாவட்டத்தில் பணிபுரிந்து ஓய்வுபெற்ற தீயணைப்போரிடம் ஒரு நிருபரை அனுப்புங்கள். பாலம் வருவதற்கு முன் வேலை பார்த்தவர்களில் பலருக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல் இருக்கும், தள்ளிப்போடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தேவிபட்டினம்.