சரசுவுக்கு: கொட்டாய் போடுவதற்கு முன்னால்

சுங்கை சிப்புட்

அன்புள்ள சரசு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. இங்கே எல்லாரும் சுகம். மதியம் வரை வெயில், நாலு மணிக்கு மேல் மழை கொட்டித் தீர்க்கிறது. தோட்டத்து ஆட்கள் குடியிருந்த பழைய லயத்தில் மிச்சமிருந்த நாலு வீட்டையும் பிரித்துவிட்டார்கள். தண்ணீர் பிடித்த பீலி மட்டும் தனியாக நிற்கிறது.

உன் மகன் காப்பார் நிலத்தில் இரண்டு மாடு வாங்கி விட்டிருக்கிறான், பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது தோட்டத்து வாழ்க்கையைக் காட்ட அங்கே ஒரு மாட்டுக் கொட்டாய் போடப்போகிறாய், சரி. தரைக்கு டைல்ஸ், கூரைக்குப் புதுத் தகரம், மூலையில் வைக்கோல் போர் என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததும் சிரித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. ரப்பர்க் காட்டில் வைக்கோல் போர் ஏதடி? அது சினிமாவில் பார்த்தது. நம் பக்கத்தில் கோணியில் அறுத்து வந்த பச்சைப் புல்தான். அதையும் குவித்து வைக்க முடியாது. ஈரப்புல்லை இரவு முழுக்கக் கோணியிலேயே அமுக்கி வைத்தால் உள்ளே சூடேறிப் புளித்துவிடும், அதைத் தின்ற மாட்டுக்கு வயிறு உப்பிக்கொள்ளும். வந்ததும் உதறிப் பரப்ப வேண்டும். உதறுவது பூரானுக்கும் தேளுக்கும் சேர்த்துத்தான். பிள்ளைகளிடம் அந்த வேலையைக் கொடுத்தால் கோணியின் அடிமூலை இரண்டையும் பிடித்துத் தலைகீழாக உதறச் சொல், கையை உள்ளே விடக் கூடாது.

புல் எங்கே அறுக்கிறீர்கள் என்பதையும் பார். அக்கம்பக்கம் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டம் என்றால் மருந்து அடித்த இடமா என்று கேட்டுவிட்டு அறுக்கச் சொல். அந்தக் காலத்தில் லாலான் களைப்புல்லைக் கருக்க சோடியம் ஆர்சினைட் அடித்தார்கள். அது உப்புக் கரிக்கும். உப்புக்கு ஏங்கும் மாடு மருந்து பட்ட புல்லைத் தேடிப் போய் மேயும், பிறகு பிழைக்காது. மாட்டை அவிழ்த்துவிடாமல் கொட்டாயிலேயே கட்டிப் போட்டதற்குத் துரையின் இளம் ரப்பர்க் கன்றுகளை மேய்ந்துவிடும் என்பது மட்டும் காரணமில்லை.

இனி தரை. டைல்ஸ் வேண்டவே வேண்டாம். மூத்திரம் பட்ட டைல்ஸில் மாடு பின்னங்கால் அகல விழுந்தால் இடுப்பு விட்டுப்போகும், எழுப்ப முடியாது. சிமெண்டு போடு, இறுகுவதற்கு முன் ஈர்க்கு விளக்குமாற்றால் குறுக்காகக் கோடு இழுத்துவிடு. நாட்டு மாட்டுக்கு ஆளுக்கு நாலடி அகலம், ஆறடி நீளம் போதும். பின்பக்கம் அல்லூரை (கழிவு ஓடும் வாய்க்காலை) நோக்கிப் பத்தடிக்கு இரண்டரை அங்குலம் சரிவு வை. அதற்குக் குறைந்தால் தண்ணீர் தேங்கிக் குளம்பு அழுகும், கூடினால் மாடு இரவெல்லாம் முன்காலை உயர்த்தி நின்று சோர்ந்துவிடும்.

தூணுக்கு ரப்பர் மரம் சும்மா கிடைக்கிறது என்று மகன் சொன்னானாம். வெட்டிய சில வாரத்திலேயே வண்டு துளைத்து மாவாகக் கொட்டும், ஈரம் பட்ட அடி பூசணம் பிடித்துக் கறுக்கும். அதே மரத்தைப் போராக்ஸ் மருந்து ஏற்றிச் சூளையில் காய வைத்தால் மேசை நாற்காலியாகக் கப்பலேறுகிறது, அது வேறு கதை. நீ பக்காவ் (சதுப்புநிலக் கண்டல் மரம்) கம்போ வேறு வைரம் பாய்ந்த மரமோ பார். குறுக்குச் சட்டத்தில் பிள்ளைகள் மாட்டுக்கயிறு கட்டி ஊஞ்சல் ஆடத்தான் போகிறார்கள், தடுக்க முடியாது. தடுக்கவும் வேண்டாம், சட்டம் தாங்க வேண்டும், அவ்வளவுதான்.

தகரம் பகலில் கொதிக்கும், மாடு தீனியைக் குறைக்கும், பாலும் குறையும். உனக்குக் கடலோரம் பக்கம்தானே, கூரை வேய நிப்பா ஓலை அத்தாப்பு கிடைக்கும். சரிவைச் செங்குத்தாக வை, ஓலைகளை நெருக்கமாக அடுக்கு. ஓலையை மிச்சம் பிடித்தால் ஒரே வருடத்தில் ஒழுகும். மாலையில் கொசுவுக்குப் புகை போடும்போதுதான் அத்தாப்புக்கு ஆபத்து. தேங்காய் மட்டையில் கங்கு பிடித்ததும் மேலே பாதி காய்ந்த புல்லும் கொஞ்சம் சாணியும் போடு. முழுக்கக் காய்ந்த புல்லைப் போட்டால் புகைக்குப் பதில் சுடர்தான் வரும். காற்று வரும் பக்கம், கூரை நிழலுக்கு நாலடி வெளியே மூட்டு. அந்தப் புகை ஓலைப் பூச்சியையும் கொஞ்சம் அடக்கும்.

பழைய டோங்கை (தகரப் பீப்பாயை) பாதியாக வெட்டித் தண்ணீர்த் தொட்டி வைப்பதாக இருந்தால் வெட்டிய விளிம்பை உள்பக்கமாக மடக்கிச் சுத்தியால் தட்டிவிடு. மாட்டுக் கழுத்துக்கும் நல்லது, அதில் மரக்கலம் விடும் பிள்ளைகளின் கைக்கும் நல்லது.

விளையாட்டுச் சாமான் கடையில் வாங்காதே, ரப்பர்க் கொட்டை போதும். காய் காய்ந்து வெடிக்கும் சத்தத்தையே நகரத்துப் பிள்ளைகள் கேட்டிருக்க மாட்டார்கள். மூன்று அறைக் காய் பட்டென்று பிளந்து கொட்டையைப் பத்து மீட்டருக்கு மேல் எறியும். 1877-இல் வந்த ரப்பர்க் கன்றுகளில் வளர்ந்த ஒரு மரம் நம் பக்கத்துக் கோலகங்சாரில் இன்னும் நிற்கிறது. இந்தக் கொட்டையெல்லாம் பெரும்பாலும் அந்தப் பரம்பரைதான். ஒவ்வொரு ரகத்துக் கொட்டையின் புள்ளியும் வேறு. ஓடு தாய்மரத்துச் சதை என்பதால் ஒரே ரகத்துக் கொட்டைகள் ஒரே மாதிரி இருக்கும், பழகிய கிராணிமார் (தோட்டத்துக் கணக்கர்கள்) பார்த்தே ரகம் சொல்வார்கள். ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் குத்தி உடைக்கும் ஆட்டத்தில் ஜெயிக்கும் கொட்டை எந்த மரத்தடியில் விழும் என்று பிள்ளைகளுக்கும் அப்படித்தான் தெரிந்தது.

காற்றாடி செய்யும் முறை உனக்கு மறந்திருக்கும், எழுதுகிறேன். பளபளப்புப் போகாத கொட்டை எடு. வெயிலில் கிடந்து நரைத்ததென்றால் தேய்க்கும்போதே விரிசல் விடும். மேல் நுனியையும் கீழ் நுனியையும் சிமெண்டில் தேய்த்து ஓட்டை போடு. கொட்டை சூடாகும், உடனே தம்பி கையில் வைத்துச் சுடப் பார்ப்பார்கள், கண்டித்துவை. ஊக்கால் பருப்பைக் குடைந்து எடு. பக்கவாட்டில் பழுக்கக் காய்ந்த ஆணியால் மூன்றாவது ஓட்டை. அதன் விளிம்பைத் துணியில் மணல் வைத்து மழமழப்பாக்கு, இல்லாவிட்டால் நூல் பத்து இழுப்பில் அறுந்துவிடும். இப்போதுதான் எல்லாரும் தடுமாறும் இடம்: குச்சியைச் செருகிவிட்டு நூலைக் கட்டப் பார்க்காதே. நூலைப் பக்கத்து ஓட்டையில் விட்டுக் கீழ் ஓட்டை வழியாக வெளியே எடு, மூங்கில் குச்சியின் நடுவில் இறுக்கிக் கட்டு, பிறகு குச்சியைக் கீழிருந்து மேலே தள்ளு. முடிச்சு கொட்டைக்குள் போய் உட்காரும். ஒரு சாண் குச்சி, ஒரு முழம் நூல். மேல் நுனியில் இறக்கையாக அரை சாண் மூங்கில் பட்டை. நூலைச் சுற்றி இழுத்து உடனே தளரவிட்டால் அது சுழன்ற வேகத்தில் தானே நூலை உள்ளே சுற்றிக்கொள்ளும். சுற்றிக்கொள்ளவில்லையென்றால் இறக்கை லேசு. இரண்டு முனையிலும் ஆளுக்கொரு கொட்டையைக் குத்தி வை.

பந்துக்கு ஒட்டுப்பால் வேண்டும், ரப்பர் மரத்து வெட்டுக் கோட்டில் காய்ந்து கிடக்கும் பால் நாடாவை உரித்து, கசக்கிய காகிதத்தின் மேல் இழுத்து இழுத்துச் சுற்ற வேண்டும். சீக்கிரம் ஆகட்டும் என்று மங்கில் வடிந்த பச்சை ரப்பர்ப் பாலை ஊற்றினால் வெளியே தோல் கட்டி உள்ளே காயாமல் நாறும். சுற்றிய பந்தையும் வெயிலில் விடாதே, பிசுபிசுத்துப் போகும்.

ஒட்டுப்பாலுக்கும் கொட்டைக்கும் இங்கே சிறுதோட்டக்காரர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஒரு பை கொட்டை கொடுத்தனுப்புகிறேன். பருப்பைப் பச்சையாக ஒருவரும் வாயில் வைக்கக் கூடாது, அதில் சயனைடு உண்டு. குடைந்து எடுத்ததை மாட்டுத் தொட்டிப் பக்கம் கொட்டவும் கூடாது, குழி தோண்டிப் புதைத்துவிடு.

தூண் நட்டதும் கொட்டாயின் திறந்த பக்கம் எந்தத் திசை என்று எழுது. மேற்கு என்றால் சாயங்கால வெயிலும் சாரலும் நேரே உள்ளே அடிக்கும், அத்தாப்பை அந்தப் பக்கம் இரண்டு சாண் இறக்க வேண்டும்.

அன்புடன்,
லெட்சுமி