பெட்டிக்காரர் வராமல் பெட்டி பறக்காது

பல்லாவரம்,
ஞாயிறு காலை.

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கைக்கு வந்தது. பேரனுக்குப் பல் முளைத்துவிட்டது என்று படித்ததும் ஜானகியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். மற்ற மூன்று பக்கமும் விமானக் கேள்விகள். மீனம்பாக்கம் விமான நிலையத்தில் முப்பது வருஷம் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை பார்த்தவனை யாரும் இப்படி உட்கார வைத்துக் கேட்டதில்லை. காபி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டேன்.

டெல்லி விமானம் கிளம்பும்போது காலுக்கடியில் நாய் குரைப்பது போலச் சத்தம் கேட்டது, கீழே நாயை ஏற்றியிருந்தார்களா என்று கேட்டிருக்கிறாய். நாய் இல்லை. நீ போனது ஏர்பஸ் 320. சக்கரம், பிரேக், இறக்கையில் நீளும் பலகைகள் எல்லாவற்றையும் அசைப்பது எண்ணெய் அழுத்தம். அந்த எண்ணெய்க்குத் தனித்தனியாக மூன்று குழாய்த் தொகுதிகள் உண்டு. இரண்டு தொகுதிகளுக்கு நடுவில், ஒன்றில் அழுத்தம் குறைந்தால் மற்றதன் பலத்தைக் கொண்டு அதை ஈடுகட்டும் கருவி ஒன்று இருக்கிறது. எஞ்சின்களை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் கிளப்புவார்கள். அந்த இடைவெளியில் அது விட்டுவிட்டு ஓடும். அதுதான் உனக்குக் குரைப்பாகக் கேட்டது. அதே சமயம் ஏசி நின்று புழுங்கியதற்கும் காரணம் உண்டு. வாலில் ஒரு சின்ன எஞ்சின் இருக்கிறது. ஏசிக்கு அது கொடுக்கும் காற்றைத்தான் பெரிய எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பவும் திருப்பிவிடுவார்கள். ஒன்றிரண்டு நிமிஷத்தில் ஏசி திரும்ப வந்துவிடும்.

தூத்துக்குடியிலிருந்து வந்த ஏடிஆர் விமானத்தில் அந்தச் சின்ன எஞ்சினே கிடையாது. அதனால்தான் வலது பக்கத்து எஞ்சின் இரைந்துகொண்டிருந்தும் அதன் காற்றாடி அசையாமல் நின்றதைப் பார்த்தாய். காற்றாடியை மட்டும் பிரேக் போட்டு நிறுத்திவிட்டு, கரண்டுக்கும் ஏசிக்கும் எஞ்சினை ஓடவிடுவார்கள். எங்கள் பேச்சில் அது 'ஹோட்டல் மோடு'. ஏறும்போதே இதைக் கவனித்திருக்கிறாயே, பள்ளிக்கூடத்தில் சைக்கிள் டைனமோவைப் பிரித்துப் போட்ட சுந்தரம்தான் இன்னும் நீ.

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த உன்னை முன்னால் போய் உட்காரச் சொன்னார்கள் என்றாயே, அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. அதைச் சொல்லவைத்தது என் போன்ற ஆள்தான். விமானம் ஒரு தராசு மாதிரி. மொத்த எடை எவ்வளவு என்பதோடு, அந்த எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். ஏடிஆரில் பயணிகள் ஏறுவது பின்பக்கம், முக்கியமான சரக்கு அறை விமானிக்குப் பின்னால், முன்பக்கம். எல்லோரும் ஒரேயடியாகப் பின்னால் ஏறினால் வால் தரையைத் தொட்டுவிடக் கூடாதே என்று வாலுக்கடியில் ஒரு கம்பை முட்டுக் கொடுப்பதும் உண்டு. கூட்டம் குறைவான நாளில் நாலு பேர் இடம் மாறி உட்கார்ந்தாலே கணக்கு மாறும். பயணிகளுக்குச் சராசரி எடை, பெட்டிகளுக்குக் கவுண்டரில் நிறுத்த எடை, சரக்கு, எரிபொருள் எல்லாம் சேர்த்து லோட் ஷீட் தயாராகும். கேப்டன் அதை ஏற்றுக்கொண்டால்தான் விமானம் நகரும். கேட்டை நேரத்தோடு மூடுவதற்கும் இதுதான் காரணம். ஆட்கணக்கு முடியாமல் எடைக்கணக்கு முடியாது.

சரி, இனி உன் கோபத்துக்கு வருகிறேன். திரும்பி வரும்போது டெல்லியில் எல்லோரும் உட்கார்ந்த பிறகும் முக்கால் மணி நேரம் கிளம்பவில்லை, யாரோ ஒரு பயணி வராததால் அவர் பெட்டியை இறக்குகிறோம் என்றார்கள், எல்லோரும் அந்தப் பணிப்பெண்ணைச் சத்தம் போட்டார்கள், நானும் போட்டேன் என்று எழுதியிருக்கிறாய். 'வராதவன் பெட்டி போனால் போகட்டுமே, அடுத்த விமானத்தில் வந்து எடுத்துக்கொள்ளட்டுமே' என்று கேட்கிறாய். சுந்தரம், இதில் மட்டும் உன் பக்கம் பேச என்னால் முடியாது.

1984 ஆகஸ்ட் 2-ம் தேதி ராத்திரி நம்ம மீனம்பாக்கத்தில் நடந்தது உனக்கு நினைவிருக்கும். கொழும்பு விமானத்துக்கு என்று பெட்டிகளைப் போட்ட ஒருவர் விமானத்தில் ஏறவில்லை. பெட்டிகள் கீழேயே நின்றுவிட்டன. கொஞ்ச நேரத்தில் சர்வதேச முனையத்துக்குள்ளேயே வெடித்தன. முப்பது பேருக்கு மேல் செத்துப்போனார்கள். பாதிக்கு மேல் இலங்கைப் பயணிகள். நான் வேலைக்குச் சேர்ந்தது நாலு வருஷம் கழித்து, 1988-ல். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த பெரியவர் முதல் வாரம் டிராலி தள்ளக்கூடச் சொல்லித்தரவில்லை. அந்த இடத்துக்குக் கூட்டிப்போய் நிறுத்தி, "பெட்டிக்காரன் வராமல் பெட்டி போகக் கூடாது, இறக்கின பெட்டி ஜனங்க நடுவுல வரக் கூடாது. இது ரெண்டும்தான் உன் வேலை" என்றார்.

மீனம்பாக்கத்துக்கு மறு வருஷம், 1985 ஜூன் 23-ல் கனிஷ்கா. ஏர் இந்தியா விமானம் அயர்லாந்துக்குப் பக்கத்தில் கடலுக்கு மேல் வெடித்து 329 பேரும் போனார்கள். அதிலும் வான்கூவரில் பெட்டியைப் போட்டவன் ஏறவில்லை, பெட்டி மட்டும் ஏறியது. அதே நாளில் டோக்கியோ நரீட்டா விமான நிலையத்தில் இன்னொரு பெட்டி வெடித்து, அதைக் கையாண்ட இரண்டு லோடர்கள் இறந்தார்கள். அவர்களும் என்னைப் போலப் பெட்டி தூக்கிப் பிழைத்தவர்கள் என்பதால் அந்த இரண்டு பேர் என் மனதைவிட்டுப் போவதேயில்லை.

அந்த முக்கால் மணி நேரத்தில் கீழே என்ன நடக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. உன் போர்டிங் பாஸில் ஒட்டித் தருகிற துண்டுச் சீட்டில் பத்து இலக்க எண் ஒன்று இருக்கும். அதில் மூன்று இலக்கம் விமான நிறுவனத்தைக் குறிக்கும், கடைசி ஆறு உன் பெட்டிக்கு உரியது. அந்த எண்ணைக் காகிதத்தில் குறித்துக்கொண்டு ஒரு பையன் விமானத்தின் வயிற்றுக்குள் ஏறுவான். உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. முட்டி போட்டு நகர வேண்டும். மே மாத மத்தியானம் என்றால் அந்த உலோகத் தரையில் முட்டி வெந்துபோகும். அடுக்கிய பெட்டிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து, கடைசி மூன்று இலக்கத்தைக் கத்திச் சொல்லி, கீழே இருப்பவன் சரிபார்க்க வேண்டும். பெட்டி எந்தப் பக்கத்து அறையில் இருக்கிறது என்று தெரியுமே தவிர, எத்தனை பெட்டிக்கு அடியில் என்று தெரியாது. கிடைத்த பிறகு மற்ற பெட்டிகளைத் திரும்ப அடுக்க வேண்டும், வலையை இழுத்துக் கட்ட வேண்டும், லோட் ஷீட்டைத் திருத்த வேண்டும். இத்தனையையும் முக்கால் மணியில் முடித்தார்கள் என்றால் அது நல்ல வேலை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருஷம் முன்பு, மதுரை விமானம் ஒன்றில் இப்படி ஒரு பெட்டியை இறக்கினோம். பழுப்புப் பெட்டி, மேலே மஞ்சள் நைலான் கயிறு. பூட்டு உடைந்திருந்தது போல, கயிற்றால் நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார்கள். பெட்டி இறங்கி, விமானம் பின்னால் தள்ளப்பட்டு அஞ்சு நிமிஷம் ஆன பிறகு பெட்டிக்காரர் வந்தார். எழுபது வயது இருக்கும். கேட் மாறியது அவருக்குத் தெரியவில்லை. காதும் மந்தம். போர்டிங் பாஸைக் கையில் பிடித்தபடி பழைய கேட் முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். அந்த விமான நிறுவனத்து ஆட்கள் பேரைச் சொல்லி மைக்கில் கூப்பிட்டார்களே தவிர, ஒருத்தரும் எழுந்துபோய் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. இருபதடி தூரம்தான். நானே கவுண்டருக்குக் கூட்டிப்போய் அடுத்த விமானத்தில் இடம் வாங்கிக் கொடுத்தேன். பெட்டியைச் சோதித்து முடித்துக் கையில் கொடுத்ததும் அவர் முதலில் அந்த முடிச்சைத்தான் தொட்டுப் பார்த்தார். சம்சாரம் கட்டிக்கொடுத்ததாம்.

பெட்டியை இறக்கியது சரிதான். இன்றைக்கும் அதைத்தான் செய்வேன். ஆனால் அதற்கு முன்னால் அந்த இருபதடியை யாராவது நடந்திருக்க வேண்டும். சட்டத்தை எழுதியவர்கள் பெட்டியைத் தேட ஆள் வைத்தார்கள், மனுஷனைத் தேட வைக்கவில்லை. உன் விமானத்தில் வராமல் போனவரும் அப்படி எங்காவது உட்கார்ந்திருந்தாரோ என்னவோ.

அதனால் நீ ஒன்று செய். சோதனை முடித்து உள்ளே போனதும் பலகையில் கேட் எண்ணைப் பார்ப்பாய் அல்லவா, அரை மணி கழித்து இன்னொரு தடவை எழுந்துபோய்ப் பார். பக்கத்தில் வயசானவர் தனியாக இருந்தால் அவர் சீட்டையும் வாங்கிப் பார்.

பொங்கலுக்கு இங்கே வருகிறேன் என்றது ரொம்ப சந்தோஷம். ஜானகி இப்போதே உனக்குப் பிடித்த சுண்டவற்றலைக் காயவைக்க ஆரம்பித்துவிட்டாள். போகி அன்று காலை விமானத்தில் மட்டும் டிக்கெட் எடுக்காதே. பம்மல், பல்லாவரம், அனகாபுத்தூர் பக்கம் விடியற்காலையில் கொளுத்துகிற புகை பனியோடு சேர்ந்து ஓடுபாதையே தெரியாமல் போய்விடும். டயர் கொளுத்தாதீர்கள் என்று வருஷா வருஷம் கேட்டுக்கொள்கிறார்கள். நம் தெருவில் நானும் வீடு வீடாகப் போய்ச் சொல்கிறேன், போன வருஷம் ரெண்டு வீடு கேட்டது. மத்தியான விமானத்தில் வா. இல்லையென்றால் முந்தின ராத்திரி முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறிவிடு, காலையில் தாம்பரத்தில் வந்து நிற்கிறேன்.

அம்மாவுக்கு என் நமஸ்காரம். கண் ஆபரேஷன் எப்போது என்று எழுது.

உன்,
ராமநாதன்