பாவும் ஊடையும் கம்ப்யூட்டருக்குள்ள

டேய் சரவணா,

அப்பாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு அம்மா சொன்னாங்க, மனசுக்கு நிம்மதியா இருந்துச்சுடா. போன்ல என்ன வேலை பாக்குறேன்னு கேட்டியே, சரியா சொல்லாம வச்சிட்டேன், அதான் இப்ப உக்காந்து எழுதுறேன்.

உங்க வீட்டுத் தறில ஓடுற அதே பாவு ஊடைய, அதான் நீளவாட்டு நூலையும் குறுக்கு நூலையும், நான் கார்பன் நானோடியூப்ல ஓட்டுறேன், அதாவது கார்பன் அணுவால ஆன ரொம்பச் சின்னக் குழாய்ல. துப்பாக்கிக் குண்டத் தடுக்குற துணி எப்படி நெய்யலாம்னு பாக்கத்தான், எல்லாம் கம்ப்யூட்டருக்குள்ள. தனி டியூப் ஒண்ணோட பலம் பயங்கரம், 2000-ல இழுத்துப் பாத்தப்ப 11-லருந்து 63 கிகாபாஸ்கல் (இழுவிசைய அளக்குற அலகு) வரைக்கும் தாங்குச்சு, குண்டு துளைக்காத சட்டைக்குப் போடுற கெவ்லர் நூல் சுமார் 3.6 தான். ஆனா இதையே முறுக்கி நூலாக்கினா அந்தப் பலத்துல கொஞ்சம்தான் மிஞ்சுது, ஏன்னா டியூப் அறுறதுக்கு முன்னாடியே ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கி உருவிட்டு வந்துடுது, நடுவுல புடிச்சு வைக்க அணுக்களுக்கு நடுவுல இருக்குற வான்டர்வால்ஸ்ங்கிற லேசான ஈர்ப்பு விசைய விட்டா வேற ஒண்ணுமில்ல.

முதல்ல ஒரு தப்பு பண்ணேன். லாம்ப்ஸ்ங்கிற அணு சிமுலேஷன் சாஃப்ட்வேர்ல, அணுக்களுக்கு நடுவுல உள்ள விசையக் கணக்குப் போடுற ஏர்போங்கிற ஃபார்முலாவ வச்சு ஒரு டியூப்ப இழுத்தா, உடையுற நேரத்துல விசை கிராஃப் திடீர்னு செங்குத்தா ஏறுச்சு, ரெண்டு நாள் அதையே நம்பிட்டு இருந்தேன். ரெண்டு அணுவுக்கு நடுவுல உள்ள பிணைப்போட நீளம் 1.7 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம்னா மில்லிமீட்டர்ல கோடில ஒரு பங்கு) தாண்டுனா அந்த ஃபார்முலா அந்தப் பிணைப்ப இல்லாம ஆக்க ஆரம்பிக்கும், அப்ப விசை பொய்யா எகிறும். அந்த 1.7-ங்கிற எல்லைய 2.0 ஆக்கினதும் அந்த ஏத்தம் காணாமப் போச்சு.

துணி முழுசையும் அணு அணுவா ஓட்ட முடியாதுடா, அதனால நிறைய அணுவச் சேத்து ஒரே மணியா வச்சு, மணிக்கு மணி ஸ்பிரிங் போட்டு கோத்துடுவோம். அந்தத் துணி மேல ஒரு துப்பாக்கிக் குண்ட விட்டு ஃபிரேம் ஃபிரேமா பாத்தேன். லூசா நெய்ஞ்சிருந்தா குண்டு இழைய ரெண்டு பக்கமும் ஒதுக்கிட்டு ஒரு நூல் கூட அறுக்காம அந்தப் பக்கம் போயிடுது. ரொம்ப இறுக்கினா இழை நகரவே முடியாம பட்ட எடத்துலயே பட்டுனு அறுந்துடுது. நடுவுல ஒரு பதம் இருக்கு, அதுல அடி பட்டதும் துணி கூடாரம் மாதிரி பின்னாடி தள்ளுது, பாவும் ஊடையும் குறுக்க போற ஒவ்வொரு முடிச்சுலயும் கொஞ்சம் கொஞ்சமா உரசி குண்டோட வேகத்த தின்னுடுது. அந்த உரசல் எவ்ளோ இருக்கணும்னுதான் இப்ப தேடிட்டு இருக்கேன்.

அப்பா தறில உக்கார ஆரம்பிச்சதும் ஒண்ணு மட்டும் கேட்டு சொல்லு, நெசவு நெகிழாம இருக்க ஊடைய எந்த அளவுக்கு இறுக்கி அடிப்பாரு, கை எத வச்சு கண்டுபிடிக்கும்னு. அவரு சொல்றத அப்டியே வாய்ஸ் மெசேஜ்ல அனுப்புடா.

உன்
குமார்