கல்லைத் தட்டிக் கேட்டேன்

அன்புள்ள சேகர்,

பேத்தி பிறந்த செய்தியும், உங்கள் ஊர்க் கோயில் கல்லை எப்படிச் சுத்தம் செய்வது என்ற உன் கேள்வியும் கிடைத்ததுமே எழுதியிருக்க வேண்டும். மாமல்லபுரத்தில் மாட்டிக்கொண்டேன். என் பழைய மாணவி ஒருத்தி கடற்கரைக் கோயிலின் கற்சிதைவைப் பதிவு செய்கிறாள். "சும்மா வந்து உட்காருங்க சார்" என்றாள். உட்கார விட்டால்தானே! கல்லூரிச் சுற்றுலாவில் அங்கே ஒரு நந்திமேல் ஏறிக் காவலாளியிடம் திட்டு வாங்கினாயே, நினைவிருக்கிறதா? அந்த வரிசையில் பல நந்திகளுக்கு முகமே மழுங்கிவிட்டது. உன்னால் இல்லை, பயப்படாதே.

உப்புதான் காரணம். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு கரைகிறது, குறைந்தால் படிகமாகிறது. இரவில் கரைந்து கல்லுக்குள் இறங்குவது உச்சிவெயிலில் இறுகி, பக்கத்தில் இருக்கும் கல்லின் மணிகளை நெட்டித் தள்ளுகிறது. கோயிலைக் கட்டிய பல்லவ மன்னன் ராஜசிம்மன் காலத்திலிருந்து 1,300 வருடங்களாக இதே வேலை. கருங்கல்லில் துளை ஏது என்பாய். புதுக்கல்லில் அநேகமாக இல்லை. ஆனால் அதிலுள்ள ஃபெல்ஸ்பார் என்ற கனிமம் களிமண்ணாக மாறத் தொடங்கினால் வழி பிறந்துவிடும். கடலைவிட்டுத் தள்ளி ஊருக்குள் இருக்கும் அருச்சுனன் தபசு என்ற பாறைச் சிற்பத்தில் ஒற்றைக்கால் தபசியின் விலா எலும்பை இன்றும் எண்ணலாம்.

முதல் வேலை வரைபடம். சுவரைப் படமெடுத்து, பொருக்கு விட்ட இடம், மணலாக உதிரும் இடம், வெடிப்பு, உப்பு பூத்தது எல்லாவற்றையும் தனித்தனி நிறத்தில் குறிப்பது. இரண்டு நாளில் எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது.

அப்புறம் சின்ன மரச்சுத்தியால் மெல்லத் தட்டிக் கேட்பது. ஸ்தபதிகள் ஓசையை வைத்து ஆண் கல், பெண் கல் என்று பிரிப்பார்களே, ஏறக்குறைய அதே வித்தை. கணீரென்றால் உள்ளே கெட்டி. பொத்தென்றால் மேல்தோல் தனியே விட்டுவிட்டது. கரையான் தின்றதுபோல் கிடந்த ஒரு கல் கணீரென்றது. பக்கத்தில் உளித்தடம்கூட மாறாமல் நின்ற கல் பொத்தென்றது! சட்டென்று கையை எடுத்துவிட்டேன். காதுக்குக் கேட்காத ஒலியைக் கல்லுக்குள் செலுத்திப் பார்க்கும் மீயொலிக் கருவியும் அதையே சொன்னது. விரிசலைச் சுற்றிப் போகவேண்டியிருப்பதால் ஒலி தாமதமாக வந்து சேர்கிறது. கண்ணை மட்டும் நம்பியிருந்தால் கெட்டிக் கல்லுக்கு வைத்தியம் பார்த்து, விழப்போகிற கல்லை விட்டிருப்போம்.

உப்பை எடுக்கத் தொல்லியல் துறை காகிதக் கூழ் அப்புகிறது. காய்ச்சி வடித்த நீரில் ஊறிய கூழ் காயும்போது உப்பை இழுத்துக்கொள்ளும். உரித்த கூழை நீரில் கரைத்து வெள்ளி நைட்ரேட் விட்டால், எவ்வளவு வெளுக்கிறதோ அவ்வளவு உப்பு. நல்ல முறைதான், ஆனால் கடல் அங்கேயேதான் இருக்கிறது. குளித்தவன் மறுநாளும் குளிக்கவேண்டியதுதான்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். உங்கள் ஊர்க் கோயில் திருப்பணியில் மணல் வீசிச் சுத்தம் செய்வதற்கு மட்டும் சம்மதிக்காதே. அழுக்கோடு கல்லின் தோலும் போகும், கல்வெட்டு எழுத்தும் போகும். எங்கள் பக்கத்தில் ஒரு கோயிலில் அப்படிச் செய்து, நான் படித்துக் குறித்துவைத்திருந்த இரண்டு வரி இன்று வெறும் கல். பளபளப்புப் பூச்சும் வேண்டாம். உள்ளே இருக்கும் ஈரமும் உப்பும் வெளியேற வழியில்லாமல் பூச்சோடு சேர்த்துக் கல்லையும் பெயர்க்கும்.

வேலை தொடங்குமுன் அதிட்டானம், அதாவது கோயிலின் அடிப்பீடம், முழுவதையும் படமெடுத்து அனுப்பு. காலை ஏழு மணி வாக்கில், பக்கவாட்டு வெயிலில் எடு. எழுத்து அப்போதுதான் எழுந்து நிற்கும்.

பேத்திக்கு என்ன பெயர் வைத்தீர்கள்?

உன்,
ராமு