கெண்டைக்காலை நீவ விடாதவர்களுக்கு நன்றி

ஒன்பது வாரம் கழித்து நேற்று மறுபடி ஷட்டில் கோர்ட்டில் கால் வைத்தேன். பத்தே நிமிஷம், ஒரு ஸ்மாஷ்கூட அடிக்கவில்லை, ஆனாலும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

அன்றைக்கு வலையோரம் விழுந்த டிராப்பை எடுக்கப் பாய்ந்தபோது, பின்னாலிருந்து யாரோ மட்டையால் கெண்டைக்காலில் ஓங்கி அடித்த மாதிரி இருந்தது. திரும்பி என் பார்ட்னரைத் திட்டியேவிட்டேன், அவரோ நாலடி தள்ளி நிற்கிறார். மன்னிச்சிடுங்க சார். திட்டு வாங்கியும் மூன்று மாடி என்னைத் தாங்கி ஏற்றிவிட்டதற்கு நன்றி.

டாக்டர் குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைச்சதையை அமுக்கினார், பாதம் தானாக அசைந்தது. குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் அந்த நாண் முழுசாக அறுந்திருந்தால் அப்படி அசையாதாம். ஸ்கேனில் உள்பக்கத் தசை பாதி கிழிந்திருந்தது, ரத்தக்குழாயில் உறைவு எதுவும் இல்லை. நாற்பதைத் தாண்டியவன் வார்ம்அப் செய்யாமல் பாய்ந்தால் வேறென்ன ஆகும்.

அத்தைக்குத் தனியாக ஒரு நன்றி. எண்ணெயைச் சூடாக்கி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார், "சுளுக்குதானே, இழுத்து நீவினா சரியாகிடும்" என்று. முதல் சில நாள் சூடும் நீவலும் உள்ளே ரத்தக்கசிவைக் கூட்டிவிடும் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னதும் கோபித்துக்கொண்டார், ஆனால் தொடவில்லை. நாலாம் நாள் கன்றல் கணுக்கால்வரை இறங்கி ஊதாவாக நின்றதைப் பார்த்துவிட்டு, நல்லவேளை என்று அவரே சொன்னார்.

தெருமுனைச் செருப்புக்கடை அண்ணன் குதிகாலுக்கு அடியில் ரப்பர் ஒட்டிக் கொடுத்தார், சதை இழுபடாமல் நடக்க. ஒரு செருப்புக்குத்தான் கேட்டேன், ஒன்று மட்டும் உயர்ந்தால் இடுப்பு கோணும் என்று இரண்டுக்கும் ஒட்டினார்.

அப்புறம் பிசியோ மேடம். மூன்றாம் வாரமே நொண்டல் போய்விட்டது, விளையாடலாமா என்று கேட்டேன். பதில் சொல்லாமல் ஒற்றைக்காலில் குதிகாலை உயர்த்தி எண்ணச் சொன்னார். நல்ல காலில் 25, அடிபட்ட காலில் 7. வலி போனது வேறு, பலம் வந்தது வேறு என்று அங்கேதான் உறைத்தது. உட்கார்ந்தும் குதிகால் உயர்த்தச் சொல்வார், முட்டி மடங்கினால் மேல்தசை தளர்ந்து அடியிலிருக்கும் சோலியஸ் என்ற தசைக்கு வேலை வருமாம். தினமும் சோறு வேகும்வரை அடுப்படிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவாறும் செய்தேன். இப்போது 22.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் சார். கொஞ்ச நாளைக்கு டிராப் போடாதீங்க.