மருத்துவம் படிக்க விரும்பும் பிள்ளைகளின் பெற்றோருக்கு: வேதியியலைத் தாண்டிக் குதிக்கச் சொல்லாதீர்கள்

அமெரிக்காவில் வாழும் தமிழ்ப் பெற்றோர்களுக்கு வணக்கம்.

இங்கே கல்லூரி மாணவர்களுக்கு வேதியியல் கற்பிப்பவன் என்ற முறையிலும், உங்களில் பலரைப் போலவே தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடித்து வந்தவன் என்ற முறையிலும் இந்த மடலை எழுதுகிறேன். மருத்துவராக விரும்பும் பிள்ளை கல்லூரியில் சேர்ந்து பாடங்களைப் பதிவு செய்யும் வாரத்தில் பல வீடுகளில் ஒரு கேள்வி எழுகிறது. பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் எழுதும் ஏ.பி. வேதியியல் தேர்வில் உச்ச மதிப்பெண்ணான 5 வாங்கிய பிள்ளை பொது வேதியியலை எதற்காக மறுபடியும் படிக்க வேண்டும், நேரே கரிம வேதியியலுக்குப் போனால் ஓராண்டு மிச்சமாகுமே என்பதே அது. கேள்வியில் நியாயம் இருக்கிறது; கட்டணம் செலுத்துபவர்கள் நீங்கள். ஆனாலும் அப்படித் தாண்டிப் போகும்படி பிள்ளையை நெருக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நம் ஊரில் பிளஸ் டூ முடித்த கையோடு எம்.பி.பி.எஸ். சேர்ந்துவிடலாம். இங்கே பெரும்பாலும் இளநிலைப் பட்டத்துக்குப் பிறகே மருத்துவக் கல்லூரி. வேதியியல், உயிரியல், இயற்பியல் ஆகியவற்றைக் கல்லூரியில் படித்துவிட்டுத்தான் மருத்துவம் படிக்க வர வேண்டும் என்ற நடைமுறை, 1910இல் ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் அளித்த அறிக்கைக்குப் பிறகு வலுப்பெற்றது. பொது வேதியியல் இரண்டு செமஸ்டர், கரிம வேதியியல் இரண்டு செமஸ்டர், இரண்டுக்கும் ஆய்வகம் என்பது நெடுங்காலமாக இருந்துவரும் கணக்கு. 2015இல் மருத்துவக் கல்லூரிச் சேர்க்கைக்கான எம்கேட் தேர்வு மாற்றியமைக்கப்பட்டு உயிர்வேதியியல் அதில் பெரிய இடம் பிடித்த பிறகு, இந்தக் கணக்கு எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இல்லை. இரண்டாவது கரிம வேதியியல் செமஸ்டருக்கு ஈடாக உயிர்வேதியியலை ஏற்கும் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. இரண்டையும் கேட்பவையும், எந்தப் பாடத்தையும் கட்டாயமாக்காமல் பரிந்துரை மட்டும் செய்பவையும் இருக்கின்றன. ஆகவே, தெரிந்தவர் வீட்டுப் பெண் எடுத்த பாடங்களின் பட்டியல் அவள் விண்ணப்பித்த கல்லூரிகளுக்கும் அந்த ஆண்டுக்கும் மட்டுமே பொருந்தும்.

ஏ.பி. மதிப்பெண்ணைக் கல்லூரிப் பாடத்துக்கு ஈடாகக் கொள்ளும் ஏ.பி. கிரெடிட் விஷயமும் இப்படித்தான். சில மருத்துவக் கல்லூரிகள் அதை ஏற்கின்றன. சில, அதற்கு ஈடாகக் கல்லூரியில் பொது வேதியியலுக்கு மேற்பட்ட வேதியியல் பாடம் ஒன்றைப் படித்திருக்க வேண்டும் என்கின்றன. சில ஏற்பதே இல்லை. பொது வேதியியலைத் தாண்டிப் போன மாணவர், மூன்றாம் ஆண்டில் அதை ஈடுகட்டப் பகுப்பாய்வு வேதியியல் போன்ற கடினமான பாடத்தை எடுக்க வேண்டி வந்தால், மிச்சமானதாக நினைத்த காலம் அங்கே செலவாகிவிடும். வேதியியலில் உண்மையான ஈடுபாடு கொண்டு, அதையே முதன்மைப் பாடமாகப் படிக்கப்போகும் பிள்ளைக்கு அது சுமையாக இராது. அந்தப் பிள்ளை தாராளமாகத் தாண்டிப் போகட்டும். நான் கவலைப்படுவது மற்றவர்களைப் பற்றி.

பெற்றோர் எல்லோரும் அஞ்சுவது கரிம வேதியியலைக் கண்டுதான். ஆனால் எம்கேட்டில் வேதியியலும் இயற்பியலும் சேர்ந்து வரும் பகுதியை எடுத்துப் பாருங்கள். 95 நிமிடங்களில் 59 கேள்விகள். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் வெளியிட்டுள்ள பகிர்வின்படி, அவற்றில் ஏறத்தாழ 30 விழுக்காடு பொது வேதியியல், 25 விழுக்காடு உயிர்வேதியியல், 15 விழுக்காடுதான் கரிம வேதியியல். தாண்டிப் போகலாம் என்று நாம் சொல்லும் பாடமே அங்கே அதிக எடை கொண்டது. கால்குலேட்டருக்கும் அனுமதி இல்லை. இரத்தத்தின் பிஹெச் (அமிலத்தன்மையின் அளவு) 7.4, பிஹெச் அதிகம் மாறாமல் காக்கும் அதன் தாங்கல் கரைசலின் பிகேஏ (அமிலத்தின் வலிமையைக் காட்டும் எண்) 6.1 என்று கொடுத்தால், வேறுபாடு 1.3, பத்தின் 1.3ஆம் அடுக்கு ஏறத்தாழ இருபது, ஆகவே பைகார்பனேட் கார்பானிக் அமிலத்தைப் போல் சுமார் இருபது மடங்கு என்று மனக்கணக்காகவே சொல்லத் தெரிய வேண்டும். பதினாறு வயதில் ஒரு முறை படித்த தாங்கல் கரைசல் நான்கைந்து ஆண்டுகள் கழித்து அப்படிக் கைகொடுக்குமா என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

பாடத்தின் பெயரைப் பார்த்து ஏமாறுவதும் நடக்கிறது. 'சுகாதார அறிவியலுக்கான வேதியியல்' என்பதுபோன்ற பெயரில் பல கல்லூரிகளில் ஒரு பாடம் உண்டு. பொது, கரிம, உயிர்வேதியியல் மூன்றையும் ஓரிரு செமஸ்டரில் தொட்டுச் செல்லும் அந்தப் பாடம், பெரும்பாலும் செவிலியர் படிப்புக்கும் அதை ஒட்டிய படிப்புகளுக்கும் வகுக்கப்பட்டது. தன்னளவில் நல்ல பாடம்தான். ஆனால் மருத்துவக் கல்லூரிகள் கேட்பது பொதுவாக அறிவியல் மாணவர்களுக்கான வரிசையை. உயிர்வேதியியலிலும் இரண்டு வகை உண்டு. ஒரே செமஸ்டரில் முழுப் பரப்பையும் காட்டும் பாடம் ஒன்று. இரண்டு செமஸ்டராக நீளும் பாடம் மற்றொன்று. இரண்டாவது வகையில் முதல் பாதியை மட்டும் எடுத்துவிட்டு எம்கேட் எழுதப் போகும் மாணவர், புரதங்களையும் நொதிகளையும் அறிந்திருப்பார். வளர்சிதை மாற்றம் பல இடங்களில் அடுத்த செமஸ்டருக்குப் போய்விடுவதால் அதைத் தானாகவே படிக்க நேரிடும். பதிவு செய்யும் முன் பாடத்திட்டத்தைத் திறந்து பார்த்தால் இது தெரிந்துவிடும்.

விட்டுவிட அனுமதி இருந்தாலும், கரிம வேதியியலின் இரண்டாம் செமஸ்டரை எடுப்பதே நல்லது என்பது என் கருத்து. ஆல்டிஹைடு, கீட்டோன், கார்பாக்சிலிக் அமிலம், அமைடு எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் வருகின்றன. குளுக்கோஸ் சிதைவில் ஆல்டோலேஸ் நொதி செய்யும் வேலை, அந்த வகுப்பில் ஆல்டால் வினையின் மறுதலையாகப் படிப்பதேதான். புரதத்தின் பெப்டைடு பிணைப்பு ஓர் அமைடு. இவற்றைப் படித்துவிட்டு உயிர்வேதியியலுக்கு வருபவருக்கு வினைகள் புரிகின்றன; படிக்காமல் வருபவர் மனப்பாடத்தையே நம்ப வேண்டியிருக்கிறது.

ஆய்வகத்தையும் ஒப்புக்கு எடுக்கும் கிரெடிட்டாக நினைக்க வேண்டாம். தேயிலையிலிருந்து காஃபீனைப் பிரித்தெடுக்கும் பயிற்சி பல கல்லூரிகளில் உண்டு. சோடியம் கார்பனேட் சேர்த்துக் கொதிக்கவைத்து ஆறிய தேநீரைப் பிரிபுனலில் டைகுளோரோமீத்தேனுடன் வேகமாகக் குலுக்கினால், இரண்டும் குழம்பி நெடுநேரம் பிரியாமல் நிற்கும். மெல்லச் சாய்த்துச் சாய்த்துக் கலக்கினால் அடர்த்தி மிகுந்த கரைப்பான் அடியில் தெளிந்து நிற்கும். அதை வடித்து ஆவியாக்கினால் குடுவையில் வெள்ளையாகக் காஃபீன் படியும். ஒருமுறை கையால் செய்தவர்கள், பிரித்தெடுத்தல் பற்றி எம்கேட்டில் வரும் கேள்வியைக் கண்டு திகைப்பதில்லை. இணையவழி ஆய்வகத்தை ஏற்காத மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன என்பதையும், கோடை விடுமுறையில் எளிதாக முடிக்கலாம் என்று திட்டமிடும் முன் நினைவில் கொள்ளுங்கள்.

மதிப்பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். எம்.டி. பட்டம் தரும் பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்ப முறையான ஆம்காஸ், உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதப் பாடங்களுக்கு மட்டும் தனியாக ஒரு ஜி.பி.ஏ. (கிரேடுகளின் சராசரி) கணக்கிடுகிறது. ஒரு பாடத்தை மறுபடியும் எடுத்தால் பழைய கிரேடு மறைந்துவிடாது, இரண்டும் சேரும். பள்ளியில் படிக்கும்போதே கம்யூனிட்டி கல்லூரியில் கிரெடிட்டுக்காக எடுத்த பாடமும் அதில் அடங்கும். கல்லூரிப் படிப்பின் வேகம் பழகுவதற்குள், பதினெட்டு வயதில், இரண்டாம் ஆண்டு மாணவர்கள் நடுவே கரிம வேதியியலில் அமரவைக்கப்பட்டு வாங்கும் சி கிரேடு, விண்ணப்பம் வரைக்கும் கூடவே வரும். இத்தனை அவசரம் எதற்கு? இன்று மருத்துவக் கல்லூரியில் நுழைபவர்களில் பெரும்பகுதியினர், பட்டம் பெற்று ஓராண்டோ அதற்கு மேலோ கழித்தே நுழைகிறார்கள்.

ஆகவே, முதலாண்டு முடிவதற்குள் பிள்ளையோடு உட்கார்ந்து, முதலில் உங்கள் மாநிலத்தின் அரசு மருத்துவக் கல்லூரிகளும் பிறகு பிள்ளை விரும்பும் மற்றவையும் வேதியியலில் என்ன கேட்கின்றன என்பதை அந்தந்தக் கல்லூரியின் பக்கத்திலும், மருத்துவக் கல்லூரிகள் சங்கம் வழங்கும் சேர்க்கைத் தகவல் தொகுப்பிலும் பார்த்து எழுதிவையுங்கள். அந்தத் தாளோடு கல்லூரியில் மருத்துவப் படிப்புக்குத் தயாராகும் மாணவர்களுக்கான ப்ரீமெட் ஆலோசகரைச் சந்திக்கப் பிள்ளையைத் தனியாக அனுப்புங்கள். மாணவரின் ஒப்புதல் இல்லாமல் அவருடைய படிப்பு விவரங்களை உங்களிடம் பேச, கூட்டாட்சித் தனியுரிமைச் சட்டப்படி கல்லூரி தயங்கும். தவிர, எந்தச் செமஸ்டரில் எந்தப் பாடத்தைத் தாங்க முடியும் என்பதை அந்த அறையில் பிள்ளைதான் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
ஒரு வேதியியல் ஆசிரியர்